படகேறிய வீடு

மொர்ஜினா வீடு வாங்கப் போன அன்று லோஹஜங் சந்தைக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அந்தச் சந்தையில் முப்பது நாற்பது வீடுகள் செங்கல்லின் மேல் வரிசையாக நிற்கும். மரச் சட்டம், தகரமும் பலகையும் கலந்த சுவர், மேலே தகரக் கூரை. பிடித்த வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். வருகிற ஆண்கள் தகரத்தின் கனத்தைப் பார்ப்பார்கள், தூணை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், விலையைக் கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். மொர்ஜினா மட்டும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழாவது வீட்டுக்குள் போனவள் அரைமணி நேரமாக வெளியே வரவில்லை. புருஷன் தொயாப் அலி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"என்ன, தூங்கிட்டியா?"

"இதுதான். இதுல உக்காந்தா எந்திரிக்க மனசு வரல."

"மத்ததெல்லாம் பாக்க வேண்டாமா?"

"நீ பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன், வேற யாராவது வாங்கிரப் போறாங்க."

அழகான வீடுதான், பொய் சொல்லக் கூடாது. பதினோரு முழ நீளம். முகப்புச் சுவர் முழுவதும் ஒரே சட்டத்தில் கோத்த இரும்புமரப் பலகை. அதில் நான்கு ஜன்னல், நடுவில் இரட்டைக் கதவு, கதவுக்கு மேலே கொடியும் பூவுமாகச் செதுக்கிய பட்டை. உள்ளே ஏணி வைத்து ஏறினால் மிளகாய் மூட்டை அடுக்க ஒரு பரண். சிவப்புத் தகரக் கூரை. அதைச் செய்த ஹரிபதா மேஸ்திரி, தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களைக் கவனிக்கிற மாதிரி ஓரமாக நின்று இவளைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல்களை ஒன்பது தடவை திறந்து மூடியதும் அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் பத்மா நதி மொர்ஜினாவின் வீட்டை ஒரு மத்தியான வேளையில் கரையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. அன்றைக்கு அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதிலிருந்து தில்கோலாவில், தொயாபின் அண்ணன் மாட்டுக்கொட்டகையைத் தடுத்துக் கொடுத்த அறையில்தான் குடித்தனம். தில்கோலா ஆறு போட்ட மண்ணில் உண்டான தீவு. மிளகாயும் வெங்காயமும் அங்கே கொட்டிக் கொடுக்கும். அந்த மிளகாயைக் காயவைத்துக் காயவைத்துத்தான் இந்த வீட்டைச் சேர்த்தாள். வீடு வைக்க மேடு கட்டி, மெழுகி, நான்கு மாதமாக அந்த வெற்று மேட்டைத் தினம் பெருக்கி வந்தாள். ஊரில் சிரித்தார்கள். இல்லாத வீட்டுக்கு வாசல் பெருக்குகிற பொம்பளை என்று அவளுக்குப் பேரே ஆகிவிட்டது.

இப்போது அவசரமும் சேர்ந்துகொண்டது. மகன் இக்லாஸுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பெண் ருபினா, அக்கரைப் பெண். அவளுடைய அப்பா மொதாலேப் மியா சீர், சாப்பாடு, வாகனம் எதற்கும் வாயைத் திறக்காத மனிதர். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எம் பொண்ணு வந்து எறங்கறப்ப அவளுக்குன்னு வீடு இருக்கணும். ஒறவுக்காரங்க கொட்டகையில எறக்க மாட்டேன். நானும் கூடவே வருவேன். வீட்டப் பாத்துட்டுத்தான் பொண்ண விட்டுட்டுப் போவேன். இல்லேன்னா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்க மாட்டோம் சம்பந்தி. வீடு இருக்கும்," என்று மொர்ஜினா சொல்லிவிட்டாள். அப்போது வீடு வாங்கியிருக்கவில்லை.

வாங்கியது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை பிரித்து அடுக்கி, பாகத்துக்குப் பாகம் ஹரிபதா மேஸ்திரி சுண்ணாம்பால் குறி போட்டு வைத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் லாரி வந்தது.

லாரி, தொயாபுடைய அக்கா புருஷன் ஜொப்பாருடையது. நீல லாரி. நெற்றியில் மயில், முதுகில் தாஜ்மகால். பத்மாவுக்குக் குறுக்கே பெரிய பாலம் திறந்த நாளிலிருந்து அதைத் தாமே கட்டியதுபோலப் பேசுகிறவர் ஜொப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் உதவி செய்ய வந்துவிட்டால் தப்பிப்பது கஷ்டம்.

"ரெண்டரை மணி நேரம் தங்கச்சி. பாலத்துல ஏறுனா எறங்கற வரைக்கும் பிரேக்ல கால் வைக்க மாட்டேன். மத்தியானச் சோறு தில்கோலாவுல."

"சரிங்கண்ணே."

"படகுல போட்டா ரெண்டு நாள். ரெண்டு நாள் தண்ணியில கெடக்கறதுக்கு அது என்ன வீடா, ஆமையா?"

கூரைத் தகரம் ஏறிற்று. பக்கச் சுவர்கள் ஏறின. முகப்பைத் தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் வந்தார்கள். லாரியின் தட்டு ஒன்பது முழம். முகப்பு பதினோரு முழம். நீளவாக்கில் வைத்தால் பின்னால் இரண்டு முழம் நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது.

"நீட்டிட்டுப் போகட்டும், சிவப்புத் துணி கட்டிருவோம்," என்றான் தொயாப்.

ஜொப்பார் தலையைச் சொறிந்தார். "பெரிய ரோட்டுல போயிரும் மாப்ள. நம்ம தில்கோலா கடைத்தெருவுல ஒரு முக்கு இருக்கே, பள்ளிவாசல் சுவரு ஒரு பக்கம், மருந்துக்கடை ஒரு பக்கம். அங்க வெறும் லாரியே மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் திரும்பும். இது திரும்பாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணும் பிரச்சினையில்ல. நடுவுல ஒரு அறுப்பு போட்டா ரெண்டு துண்டாயிரும். அங்க போய் ஒரு பட்டையப் போட்டு அடிச்சுக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

ஹரிபதா மேஸ்திரி வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். "எனக்குத் தெரியும்."

"நீங்க என்ன அந்த வீட்டுலயா இருக்கப் போறீங்க?"

"அந்தக் கொடியச் செதுக்கறதுக்கு நாப்பது நாள் ஆச்சு. நீங்க நாலு நிமிஷத்துல அறுப்பீங்க. ரம்பம் எங்கிட்டதான் இருக்கு, குடுக்க மாட்டேன்."

ஜொப்பார் லாரிக்குள்ளிருந்து தம்முடைய ரம்பத்தையே எடுத்து வந்துவிட்டார். அப்படி எதற்கும் தயாராக இருக்கிறவர் அவர். தொயாப் மச்சானையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். அக்கா புருஷனுக்கு எதிரே அவன் வாழ்க்கையில் ஒரு தடவைகூட 'இல்லை' சொன்னதில்லை. மொர்ஜினா போய் முகப்பில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"அண்ணே, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா வாசல்ல கால் வைக்கப் போற மருமவளுக்கு நடுவுல ஒட்டுப் போட்ட வீட்ட எப்படிக் காட்டுவேன்? எறக்கச் சொல்லுங்க."

"எறக்கிட்டு?"

துறையோரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இவ்வளவையும் நாடகம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். படகுக்காரர் குத்தூஸ். அவருடைய மணல் படகு துறையில் கட்டிக் கிடந்தது. வயிறு அகன்ற, பதினைந்து ஆள் நீளத்துக்கு இருக்கிற இரும்புப் படகு.

"என் படகுல இருவது முழம் தட்டையா கெடக்கு அண்ணி. வேணும்னா முகப்ப வச்சிட்டு அதுக்கு ரெண்டு பக்கமும் நடந்துகூட போகலாம்."

"நீ சும்மா இரு குத்தூஸ்," என்றார் ஜொப்பார். "இவ்வளவு பாரத்த ஏத்திக்கிட்டு நீ எப்பப் போய்ச் சேர்றது?"

"பாரமா? லாரியில ஏத்துனா பாரத்த லாரி தூக்கணும். படகுல ஏத்துனா ஆறு தூக்கிக்கும். நான் சும்மா பேச்சுத் தொணைக்குப் போறவன். உங்க லாரிக்குக் குடிக்கக் குடுக்கற டீசல்ல நான் மூணு வீட்டக் கொண்டு போய்ச் சேத்துருவேன். ஒரு ஆணி ஆடாது. ஆத்துல பள்ளம் மேடு உண்டா? வேகத்தடை உண்டா?"

"ரெண்டு நாள் ஆகும்ல? அத மட்டும் பேச மாட்ட."

"அவசரமாப் போய் அறுத்துக் குடுக்கறதுக்கு மெதுவாப் போய் முழுசாக் குடுக்கலாம். அப்பறம் இன்னொண்ணு கேக்கணும் பாய். பாலம் வர்றதுக்கு முன்னால உங்க லாரி எத்தன தடவ ஃபெரியில ஏறி என் ஆத்துல வந்துருக்கு?"

"அது ஆயிரம் தடவ வந்துருக்கும்."

"என் படகு ஒரு தடவையாச்சும் உங்க லாரியில ஏறிருக்கா?"

டீக்கடையே சிரித்தது. ஜொப்பாருக்கு முகம் சிவந்துவிட்டது. மொர்ஜினா சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள்.

"அண்ணே, அவரு கெடக்காரு. வெள்ளிக்கிழம மருமவளோட சீர் சாமானெல்லாம் வரணும். கட்டிலு, கண்ணாடி அலமாரி, பாத்திரம், மெத்த. அத நம்பி வேற யாருகிட்ட குடுப்பேன்? அதுக்கு உங்க லாரிதான்."

அவர் ரம்பத்தை உள்ளே வைத்தார். "கண்ணாடி அலமாரின்னா கொஞ்சம் பக்குவமாத்தான் ஓட்டணும்," என்றார்.

ஏற்றியதை இறக்கி, படகில் ஏற்றுவதற்குள் பொழுது மேற்கே சாய்ந்துவிட்டது. ஒரு நாள் போயிற்று. ஹரிபதா மேஸ்திரி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். நாளைக் காலை கிளம்பினால் வியாழக்கிழமை மத்தியானம் தில்கோலா. வீட்டை எடுத்துக் கட்ட இரண்டு நாள். அதாவது சனிக்கிழமை. கல்யாணம் வெள்ளிக்கிழமை.

"நான் அப்பவே நெனச்சேன்," என்று தொயாப் தலையில் கை வைத்துக்கொண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தான். அவன் எதையும் அப்போது நினைத்திருக்கவில்லை, பாவம்.

மொர்ஜினாவின் மடியில் பொரி இருந்தது. படகின் விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டு மென்றாள். பெரிய தட்டைப் படகு. அடுக்கிய வீடு அதில் ஒரு மூலையில்தான் கிடந்தது. மீதி இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. தினம் பெருக்கி வந்த மேடு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"மேஸ்திரி, எறக்கிட்டுத்தான் கட்டணுமா? போயிட்டே கட்டக் கூடாதா?"

"எங்க?"

"இங்கதான். படகு மேல."

மேஸ்திரி குத்தூஸைப் பார்த்தார். குத்தூஸ் ஆற்றைப் பார்த்தார். மார்கழி மாதத்துப் பத்மா கழுவி வைத்த தாம்பாளம் மாதிரி அசையாமல் கிடந்தது.

"காத்து இல்ல," என்றார் குத்தூஸ். "மணல் கொட்டற குழிய மூடிப் பலகை போட்டுட்டா தரை மாதிரிதான். மழைக்காலமா இருந்தா ஒங்கள எறங்கிப் போங்கன்னு சொல்லிருப்பேன். இப்ப ஏன் முடியாது? எங்கப்பாவும் படகுக்காரருதான், நானும் படகுக்காரன்தான், வீடு ஏத்திருக்கோம். குடித்தனத்த ஏத்துனதில்ல."

"லாரிக்காரன் ஓடற வண்டி மேல கட்டச் சொல்லிருந்தா செவுட்டுல அறைஞ்சிருப்பேன்," என்றார் மேஸ்திரி. ஆனால் அதற்குள் உளியை எடுத்துவிட்டார். "அங்க போய் அம்பது பேரு தோள் குடுத்தா அப்படியே நகத்தி மேட்டுல வச்சிரலாம். தூணு மட்டும் ஊனுனாப் போதும்."

புதன்கிழமை விடியலில் கிளம்பினார்கள். மேஸ்திரியும் அவருடைய இரண்டு மைத்துனர்களும் சுத்தியலோடு, குத்தூஸ் சுக்கானோடு, தொயாப் கவலையோடு, மொர்ஜினா அடுப்போடு. பின்னால் பெரிய பாலம் ஒரு கோடாகச் சுருங்கி மறைவதற்குள் அடிச்சட்டம் கோத்தாயிற்று. வெயில் ஏறும்போது பக்கச் சுவர் இரண்டும் எழுந்து நின்றன. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் முகப்பை நிறுத்தினார்கள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள்.

"யாரு வீடு போகுது?"

"தில்கோலா மொர்ஜினா வீடு," என்று குத்தூஸ் கத்தினார்.

"எங்க போகுது?"

"புகுந்த வீட்டுக்கு."

எதிரே வந்த லாஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக ஓடிவந்து பார்த்ததில் லாஞ்ச் சாய்ந்துவிட்டது. லாஞ்ச்காரன் அவர்களைத் திட்டிவிட்டுத் தானும் எட்டிப் பார்த்து ஊதலை அடித்தான். மீன்படகில் போன கிழவர் ஒருவர் வாடகைக்கு அறை உண்டா என்று கேட்டார். மொர்ஜினா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "சம்சாரத்தோட வந்தா உண்டு," என்றாள். அவள் இப்படிப் பேசி தொயாப் கேட்டதே இல்லை. பதினொரு வருஷம் அண்ணன் வீட்டு அறையில் மெதுவாகவே பேசிப் பழகியிருந்தவள்.

சாப்பாட்டுக்கு அரிசியும் பயறும் சேர்த்துப் பொங்கி, சுட்ட கத்தரிக்காயைக் கடுகெண்ணெயும் வறுத்த மிளகாயும் போட்டுப் பிசைந்து வைத்தாள். மீன்படகுக் கிழவர் வீட்டுக்கு மொய் என்று எறிந்துவிட்டுப் போன கெளுத்தி மீன் குழம்பில் கொதித்தது. மேஸ்திரி மூன்றாவது தடவை தட்டை நீட்டினார்.

"முப்பது வருஷமா வீடு கட்டறேன். கட்டற வீட்டுக்குள்ளயே ஒக்காந்து, வீட்டுக்காரி கையால, வீடு போயிட்டிருக்கறப்பவே சாப்புடறது இதான் மொத தடவ."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க. பரணுக்குப் பலகை அடிக்கணும்."

சாயங்காலம் பனி இறங்கிற்று. முதலில் கரை மறைந்தது, அப்புறம் ஆறு மறைந்தது, அப்புறம் படகின் மூக்கே மறைந்தது. குத்தூஸ் ஒரு மணல் திட்டில் நங்கூரம் போட்டார். வியாழக்கிழமை காலையும் விலகவில்லை. மத்தியானமும் விலகவில்லை. தொயாப் விளிம்புக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தான். கைபேசியில் ஜொப்பார் வந்தார்.

"எங்க நிக்கறீங்க?"

"தெரியல மச்சான். ஒண்ணும் தெரியல."

"தங்கச்சிகிட்டக் குடு. ஏம்மா, நான் சொன்னேனா இல்லையா? ரோட்டுல வந்துருந்தா..."

"நீங்க எங்கண்ணே இருக்கீங்க?"

"ரோட்டுலதான், சீர் ஏத்தப் போற வழியில. விடியக்காலத்துலருந்து நிக்கறேன். முன்னால எத்தன வண்டி நிக்குதுன்னு தெரியல, பனி. சோறு கூட இல்ல."

"நாங்க இப்பத்தான் சாப்புட்டோம். மேஸ்திரி ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிக்கிட்டிருக்காரு," என்றாள் மொர்ஜினா. வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

உண்மையில் பனிதான் வீட்டை முடித்துக் கொடுத்தது. வேறு எதையும் பார்க்க முடியாததால் மூன்று பேரும் வேலையையே பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் சிவப்புக் கூரை ஏறி, கடைசி ஆணியும் இறங்கிவிட்டது. சுத்தியல் ஓய்ந்ததும் மொர்ஜினா ஓர் அகல் அளவு பாலைத் தூணடியில் ஊற்றி, வாசற்படியில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் தன் வீடு. முன்னால் அன்றைக்குத் தன்னுடைய வீட்டைக் கொண்டுபோன அதே ஆறு. அதன் மேல் கோபம் கோபமாக வர வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தவளுக்கு, அது தொட்டில் ஆட்டுகிற மாதிரி படகை ஆட்டிக்கொண்டிருந்தபோது கோபம் வரவேயில்லை. அழுகைதான் வந்தது. அதுவும் நல்ல அழுகை.

பனி விலகி, கிளம்பி, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தில்கோலா வாய்க்கால் முகத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் அதற்கு முன்பே மைக்ரோபஸ்ஸில் அக்கரைக்குப் போய்விட்டது. கடல் ஏற்றம் ஆற்றில் ஏறி நின்ற நேரம், வாய்க்கால் நிறையத் தண்ணீர். இன்னும் கால் மைல் போனால் மேடு. குத்தூஸ் மூங்கில் கழியால் ஆழம் பார்த்தார். "அஞ்சு முழம் இருக்கு, அருமையாப் போகும்," என்றார். தொயாப் முன்னால் நின்று ஆழம் பார்த்தான். மேஸ்திரியும் எதற்கோ குனிந்து ஆழம் பார்த்தார்.

மொர்ஜினாதான் நிமிர்ந்து பார்த்தாள். "குத்தூஸ் பாய், பாலம்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தில்கோலாவுக்கு ரோடு வந்தபோது வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட சிமென்ட் பாலம். குத்தூஸ் மணல் ஏற்றிக்கொண்டு இருபது தடவை அதற்கு அடியில் போயிருக்கிறார். ஆற்றுக்காரர்கள் பிறந்ததிலிருந்து தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பழகியவர்கள். தலைக்கு மேலே இருக்கிற எதையும் அவர்கள் இதுவரை அளந்ததில்லை. எஞ்சினைப் பின்னுக்கு இழுத்து, கழியை ஊன்றி நிறுத்தியபோது கூரையின் உச்சி பாலத்தின் கைப்பிடிக்குச் சரியாக நின்றது.

"ஏத்தம் எறங்கி வத்தம் வந்தா?" என்றான் தொயாப்.

"வத்தம் வந்தா ரெண்டு முழம் எறங்கும். படகு தரை தட்டும். அப்பவும் நாலு முழம் இடிக்கும்," என்று குத்தூஸ் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "அண்ணி, செருப்பக் கழட்டி என்ன அடிங்க."

"கூரையப் பிரிச்சா?" என்றாள் மொர்ஜினா.

"பிரிக்க அரை நாள்," என்றார் மேஸ்திரி. "அந்தப் பக்கம் போய்த் திருப்பிப் போட ஒரு நாள். தூணு ஊனி எடுத்து வைக்க இன்னொரு நாள்."

பெண் சாயங்காலத் தொழுகை நேரத்துக்கு வந்துவிடும். தொயாப் வாசற்படியில் உட்கார்ந்து, "சம்பந்திக்குப் போன் போட்டுச் சொல்லிருவோம். ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வரட்டும். இல்லேன்னா அண்ணன் வீட்டத் தொடைச்சு..." என்று ஆரம்பித்தான்.

"அண்ணன் வீடு வேண்டாம்."

"பின்ன என்ன பண்றது?"

மொர்ஜினா பொய்யாகச் சிரிக்கத் தெரியாதவள். மொதாலேப் மியா பெண்ணைக் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகிற காட்சி கண்ணுக்கு முன்னால் நின்றது. இக்லாஸ் தலையைக் குனிந்துகொண்டு பாலத்தில் நிற்பதும் தெரிந்தது. ஆனால் திரும்பி வீட்டைப் பார்த்தாள். நான்கு ஜன்னலும் திறந்து, கதவுக்கு மேல் கொடி முழுசாக ஓடி, வெயில் பட்டுப் பளபளவென்று நின்றது. அதற்காக வெட்கப்பட அவளுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

"இங்கயே கட்டுங்க படக," என்றாள். "கரையிலருந்து வாசப்படிக்கு நல்ல அகலமாப் பலகை போடுங்க. நீ போய் அக்காவ வரச் சொல்லு. சர்பத்துக்கு எலுமிச்சம்பழம், ஈச்ச வெல்லம், அரிசி மாவு, எல்லாம் கொண்டு வரச் சொல்லு. மருமவள இங்கதான் அழைக்கறோம். சம்பந்தி வரட்டும், பாக்கட்டும், என்ன சொல்றாரோ சொல்லட்டும். மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

பத்து மணிக்குத் தில்கோலா முழுவதும் பாலத்தின் மேலும் கரையிலும் இருந்தது. இல்லாத வீட்டுக்கு வாசல் பெருக்குகிறாள் என்று சிரித்த பெண்களே வந்து, சுற்றிப் பார்த்து, ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்து, அப்புறம் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து மாவு பிசைந்தார்கள். நாத்தனார், அதாவது ஜொப்பாரின் சம்சாரம், ஏறியதும் படகு லேசாக ஆட, "யா அல்லா, வீடு நடக்குது," என்று தூணைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அவளை இறக்கவே முடியவில்லை. ஆவியில் வெந்த பிட்டு வாசனை வாய்க்கால் முழுக்கப் பரவிற்று. யாரோ சாமந்தி மாலையை முகப்பில் கட்டினார்கள். மேஸ்திரி பாலத்துக்கும் கரைக்கும் நடந்து, எங்கிருந்து பார்த்தால் முகப்பு நன்றாக இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்து மஞ்சளான நேரத்தில் இரண்டு மைக்ரோபஸ்ஸும், பின்னால் நீல லாரியும் வந்து பாலத்தின் மேல் நின்றன. கூட்டம் விலகாமல் மேலே போக வழியில்லை. மொதாலேப் மியா இறங்கினார். வெள்ளைத் தொப்பி, சலவை மடிப்புக் கலையாத சட்டை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு சிவப்புக் கூரை.

"இது என்ன?"

ஜொப்பார் லாரியிலிருந்து குதித்து வந்து எட்டிப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று தொயாப் கண்ணை மூடிக்கொண்டான்.

"முகப்பு முழுசாத்தான் வந்திருக்கு," என்றார் ஜொப்பார், மெதுவாக.

மொதாலேப் மியா சரிவில் இறங்கி, பலகையில் நடந்து வந்தார். மொர்ஜினா வாசற்படியை விட்டு எழுந்து ஒதுங்கி நின்றாள். அவர் தூணைச் சுண்டிப் பார்த்தார். முகப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை. உள்ளே போய்ப் பரணை நிமிர்ந்து பார்த்தார். பின்பக்க ஜன்னலைத் திறந்து, வெளியே பரந்து கிடந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

மொர்ஜினாவுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள். "சம்பந்தி, நடந்தத சொல்லிடறேன். மேட்டுல இருக்க வேண்டியது. பாலம் இடிக்கும்னு நாங்க பாக்கல, எங்க தப்புதான். நாளைக்குக் கூரையக் கழட்டுனா திங்கக்கிழம மேட்டுல இருக்கும். இன்னிக்கு இங்கதான். ஒங்களுக்குச் சம்மதம் இல்லேன்னா பொண்ணக் கூட்டிட்டுப் போங்க, நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். ஆனா திங்கக்கிழம கூட்டிட்டு வந்துருங்க. வீடு இருக்கும்."

அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"மூணு வீடு," என்றார். "எங்கப்பா கட்டுனது ஒண்ணு, நான் கட்டுனது ரெண்டு. ருபினாவோட அம்மா அடுத்தடுத்து மூணு வாசல்லருந்து ஓடிருக்கா. மூணையும் இந்த ஆறுதான் எடுத்துக்கிட்டுப் போச்சு. அதனாலதான் வீடு வீடுன்னு ஒங்கள அரிச்சேன். இத்தன வயசுல அது வீட்டக் கொண்டுபோய்த்தான் பாத்திருக்கேன். கொண்டுவந்து குடுத்து இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மொர்ஜினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மொதாலேப் மியா வாசலுக்கு வந்து, படியில் நின்று, பாலத்தின் மேல் சிவப்புப் பட்டில் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே நின்ற மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ருபினா, எறங்கி வாம்மா," என்றார். "வீடு வந்திருக்கு."